கொற்கையில் நின்ற கப்பல்

முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். அஞ்சாங்கிளாசோடு நிறுத்தப்பட்டவள் நான். எழுத்து வரியை விட்டு ஏறும், இறங்கும். எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் இப்போதெல்லாம் கலங்கிப்போகிறது. ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அப்போதே அவரவரிடம் சொல்லித் தீர்த்திருப்பேன்.

என் மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். வருசத்தில் முக்கால்வாசி கடலில்தான். வீட்டில் நானும் மருமகளும். அவள் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கடல் படம் வரும். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். ஓடுகிற கப்பல் அம்பு மாதிரி இருக்கும், நிற்கிற கப்பல் உருண்டையாக இருக்கும். மகனுடைய கப்பலும் அதில் உண்டு. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஆபரேஷனுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதை உற்றுப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது, அதைச் சுற்றி எல்லாம் இருக்கும்.

"கப்பல் எங்கன நிக்கி?" என்று கேட்டால், "நல்லா போயிட்டு இருக்கு மாமி" என்பாள். காலையில் கேட்டாலும் அதே பதில், சாயங்காலம் கேட்டாலும் அதே பதில். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

அந்தப் பதிலை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் வேலைக்குப் போனவர். கொச்சியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருக்கு வெறும் காய்ச்சல் என்று என்னிடம் சொல்லி இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் தலையில் பூ வைத்துக்கொண்டு கோவிலுக்குப் பூசைக்குப் போய்வந்தேன். தெருவுக்கே தெரியும். மீன்காரிக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அவள் நாலு சாளை மீன் கூடுதலாகப் போட்டாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். "நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல" என்றார்கள் பிறகு. பூவோடு என்னை வேடிக்கை பார்த்ததை மட்டும் அவர்கள் நன்றாகத் தாங்கினார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், என் வீட்டுச் சேதி எனக்குக் கடைசியாக வரக்கூடாது என்று.

ஒருநாள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கடைக்காரன் வந்தான். மருமகள், "மாமிக்கும் தெரியுற மாதிரி பெருசாக்கி வைங்களேன்" என்றாள்.

"ஆச்சிக்கு இல்லாததா?" என்று உட்கார்ந்தான். படத்தை நாலு பங்கு பெரிதாக்கினான். மவுசை அசைத்தால் ஓடுமே ஒரு சின்ன அம்பு, அதையும் மாங்காய் அளவுக்கு ஆக்கிப் பச்சை வர்ணம் அடித்தான். "இனி ஆச்சிக்கு எறும்பும் ஆனை மாதிரித் தெரியும்" என்றான். என் கையை மவுஸ்மேல் எடுத்து வைத்து, கடை ஸ்டேட்டஸில் போட ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். தெரிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. என் கை நடுங்கும். அதைப் பிடித்து வைத்தவனே அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் மருமகள் பேங்குக்குப் போயிருந்த சமயம் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா, அந்தக் கூத்தை என்ன சொல்ல! படம் மவுசின் பின்னாலேயே ஓடும்படி வைத்திருக்கிறான். என் கை ஒரு நெல் அளவு நடுங்கினால் படம் ஒரு முழம் தாவுகிறது. கடல் வருகிறது, போகிறது, வேம்பார் வருகிறது, வெறும் நீலம் வருகிறது. தலை சுற்றி வாந்தி வரும்போல ஆகிவிட்டது. எழுத்தை மட்டும் அல்ல, என் நடுக்கத்தையும் நாலு பங்கு ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் மகராசன். இதற்குத்தான் போட்டோ.

சலித்துப்போய்க் கையை எடுத்தேன். படம் நின்றது. ஓரப்பார்வையில் பார்த்தால் பெரிய பச்சை அம்பு. பக்கத்தில் தமிழில் 'கொற்கை' என்று எழுத்து. அம்பு என்றால் கப்பல். கொற்கை என்றால் துறைமுகம் என்று அஞ்சாங்கிளாசில் வாத்தியார் சொன்னது. என்னிடம் இருக்கிற படிப்பே அவ்வளவுதான், அது அன்றைக்குப் பார்த்து முந்திக்கொண்டது. மருமகள் வாசலில் கால் வைத்ததும், "கப்பல் கொற்கைக்கு வந்துட்டு!" என்றேன்.

"என்ன மாமி சொல்லுதீய? கொற்கையில ஏது கடலு? அது மவுசு அம்பு மாமி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொற்கையில் இப்போது வயலும் வாழையும்தான் என்று எனக்கு மட்டும் தெரியாதா? பஸ்ஸில் எத்தனை தடவை போயிருக்கிறேன். சந்தோசத்தில் மறந்துவிட்டது.

அவள் சொல்லித்தான் சேதி தெருவுக்குப் போயிருக்க வேண்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

"ஏளா, உன் மவன் கப்பலை வாழைக்குள்ள கொண்டு விட்டுட்டானாமே! வரும்போது ஒரு தார் வெட்டிட்டு வரச் சொல்லு" என்றாள்.

தன் மகள் போனில் முகம் காட்டிப் பேசினால், அதைக் காதில் வைத்துக்கொண்டு கத்துகிற பொம்பளை இவள். என்னைக் கேலி பண்ண வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அந்தக் கடைக்குப் போனேன். கேட்க வெட்கப்பட்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றேன். அவனாகக் கூப்பிட்டான். வாய் வராமல் கையை நீட்டிக் காட்டினேன்.

"கை நடுங்குதா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா ஆச்சி!"

கண் இருக்கிறவனுக்குக் கண் இல்லாதவள் சொல்ல வேண்டுமாம்.

ஆனால் வேலை தெரிந்தவன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் காட்டிக்கொடுத்தான். மவுசைத் தொடவே வேண்டாம். எழுத்துப் பலகையின் வலது ஓரத்து எண்களில் எட்டு மேலே, இரண்டு கீழே, நாலு இடது, ஆறு வலது. ஐந்து அழுத்தினால் மவுசைத் தட்டியது மாதிரி. ஒரு அழுத்துக்கு ஒரு அடி, கை நடுங்கினாலும் அம்பு நடுங்காது. முழுப் படமும் பெரிதாக வேண்டாம், பூதக்கண்ணாடி வைத்த மாதிரி ஒரு சதுரம் மட்டும் பெரிதானால் போதும் என்றும் மாற்றிக் காட்டினான். வீட்டில் இதையெல்லாம் வரவழைக்க எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று என் விரலுக்கும் பழக்கிவிட்டான். இந்த வசதியெல்லாம் முதலில் இருந்தே நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறதாம். அதைச் சொல்ல இவர்களுக்கு வாய் வலித்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் காலையில், மருமகள் குளிக்கப் போகிற நேரம் எனக்குப் போதும். கப்பலின் பெயர் இங்கிலீசில் இருக்கும். மகனுடைய கம்பெனி காலண்டரில் அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்தேன். எட்டு, எட்டு, நாலு, நாலு என்று அழுத்திப் போய்ச் சேர்ந்தால், ஓமன் கரைக்கு எதிரே கப்பல் நின்றது. அம்பாக இல்லை, உருண்டையாக இருந்தது. கரையோடு ஒட்டாமல் வெறும் நீலத்தில் நின்றது. மறுநாளும் உருண்டை. அதற்கு மறுநாளும் அதே இடம், அதே உருண்டை.

அன்றைக்குக் கேட்டேன், "கப்பல் எப்படி இருக்கு?"

"நல்லா போயிட்டு இருக்கு மாமி."

"உருண்டையால்லா இருக்கு" என்றேன்.

தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. "எஞ்சின் கோளாறு மாமி... நீங்க பயப்படுவீயன்னு, உங்க மவன்தான் சொல்ல வேண்டாம்னாங்க." கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அன்று மத்தியானம் மகன் போன் பண்ணினான். "எல்லாம் சொகந்தாம்மா, போயிட்டே இருக்கோம்" என்று ஆரம்பித்தான்.

"நிக்கிற கப்பல்ல இருந்துக்கிட்டு ஓடுதுன்னு சொல்லாதல."

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

அப்புறம்தான் உள்ளதைச் சொன்னான். உடைந்துபோன சாமானுக்குப் பதில் ஒன்று கரையில் இருந்து படகில் வர வேண்டுமாம். எஞ்சின் அறையில் நிற்க முடியாத சூடாம். குளிக்கத் தண்ணீர் அளந்து கொடுக்கிறார்களாம். கையில் சின்னதாக ஒரு தீக்காயமாம். முழுவதும் கேட்டேன். மயங்கி விழவில்லை. போனை வைத்துவிட்டுப் போய் அடுப்பில் இருந்த குழம்பை இறக்கினேன். இவ்வளவுதான் தாங்கவேண்டியிருந்தது. இதற்கா இத்தனை பேர் கூடிப் பொய் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் உருண்டை இருந்த இடத்தில் அம்பு இருந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். மவுசு அம்பு பச்சை, இது வேறு நிறம். குளியலறைக் கதவைத் தட்டி, "கப்பலை எடுத்துட்டான், ஓடுது" என்றேன். அவளுக்கு அதுவரை தெரியாது. அவளுக்கு நான்தான் முதலில் சொன்னேன். உள்ளதை உள்ளபடி, உடனே சொன்னேன்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துக் கொடுங்கள். அந்த எண்களில் எட்டு மேலேதானா, அந்தக் கண்ணாடிச் சதுரத்தை வரவழைக்க ஜன்னல் படம் போட்ட பட்டனோடு கூட்டல் குறியைத்தான் அழுத்த வேண்டுமா என்று பாருங்கள். என் விரல் சரியாகப் போய்விடுகிறது, எழுதச் சொன்னால்தான் தடுமாறுகிறது. கப்பல் நின்றது நாலு நாளா ஐந்து நாளா என்பதை என் மருமகளிடம் மட்டும் கேட்க வேண்டாம்.