புகைப்புரையில் தொங்கும் பாதிச் சுவர்

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு நாள் மிச்சமாயிற்று. திற்பரப்பு அருவிக்குப் போவதாக இருந்தேன். அருமனைப் பக்கம் ஒரு பெண் ரப்பர் பாலை வைத்துச் சுவரை உரித்து மாட்டியிருக்கிறாள் என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். அருவி எங்கே ஓடிவிடப் போகிறது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, அருமனையில் இறங்கும்போது பத்தரை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "பொகைப்பெரைக்கா? அங்க இப்ப ஷீட்டு ஒண்ணும் ஒணத்துறதில்லியே சாரே," என்றார் ஓட்டுநர். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அந்தப் பழைய கொட்டகைதான் கண்காட்சிக் கூடம். அனுமதி இலவசம்.

உள்ளே ஒரே ஒரு படைப்பு. உத்தரத்திலிருந்து இருபது அடி நீளத்துக்குப் பழுப்புத் தோல் தொங்குகிறது. ஓவியர் ஷீபாவின் அப்பா சர்ச்சில் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோது, குடும்பத்தின் அய்யாவழி வழிபாட்டிலேயே நின்ற அவருடைய அண்ணன் முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பினார். கிணற்றின் மேலும் அது குறுக்கே போகிறது. தண்ணீர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஷீபா தன் பக்கத்தில் ரப்பர் பாலை அடுக்கடுக்காகப் பூசி, காய்ந்ததும் உரித்திருக்கிறாள். பாசி, காரை, ஆணித்துளை எல்லாம் கூடவே வந்துவிட்டன. நவீனக் கலை என்றாலே எனக்கு அலர்ஜி. இதை மட்டும் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன்.

எதிரே ஒரு வெற்றுக் கம்பி. அது பெரியப்பா பக்கத்துக்கு. ஆளனுப்பியும் அவர் சம்மதிக்கவில்லையாம். "இத மட்டும் காட்டினா அவர கொற சொல்லுத மாதிரில்லா இருக்கு," என்றாள் ஷீபா.

பன்னிரண்டு மணிவாக்கில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். "பெரியப்பா," என்று ஷீபா எழுந்துவிட்டாள். அவர் தோலைத் தடவி, ஓர் ஆணித்துளையில் விரலை வைத்தார்.

"இது ஒங்கப்பன் அடிச்சது. எனக்க பக்கம் காரை பேந்து விழுந்துது." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்க பக்கத்தையும் எடுத்துக்கோ. ஞாயிறாழ்ச்ச தாங்கலுக்கு கும்பிடப் போவேன். நான் இல்லாதப்ப வா," என்றார்.

"ஞாயிறாழ்ச்ச எனக்கு சர்ச்சு உண்டே, பெரியப்பா."

வாசல்வரை போனவர் நின்றார்.

"அப்ப திங்களாழ்ச்ச வா, மக்கா. நான் இருப்பேன்."

ஷீபா அழுதுவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: மாதக் கடைசிவரை உண்டு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. சாப்பாட்டை அருமனையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அங்கே டீக்கடைகூட இல்லை. திரும்பி வரவும் அதே ஆட்டோவைப் பேசிவிடுங்கள். ஆனால் அடுத்த வாரக் கடைசியில் போங்கள். பால் காய நாலு நாள் வேண்டும். உரிப்பதும் ஒருவரால் ஆகாது. மேலிருந்து ஒருவர் உரிக்க, கீழே இன்னொருவர் தாங்க வேண்டும். தன் பக்கத்துக்கு ஷீபா கூலிக்கு ஆள் வைத்தாளாம். பெரியப்பா பக்கத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.