சின்னண்ணா செத்துப்போகிற நாடகம்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சியில் ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்கள் செத்துப்போகிற கதையை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். நான் படித்தது கொஞ்சம்தான். அதனால் சிறுவயதில் நான் வெள்ளவத்தையில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அது சண்டைக் காலம். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் அம்மாவும் பெரியம்மா குடும்பமும் ஒன்றாக வாடகைக்கு இருந்தோம். பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். சின்னண்ணா லண்டனில். பெரியண்ணா ஒருநாள் காலையில் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. பெரியப்பா அவருடைய படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொலிஸ், இராணுவ முகாம், அரசாங்கக் கந்தோர் என்று ஏறி இறங்கினார். போகிற இடமெல்லாம் நாளைக்கு வரச் சொன்னார்கள். பின்னேரம் வந்து, செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் கதிரையில் இருப்பார். அந்த வீட்டில் அப்போது எல்லாருக்குமே அலுப்பு. சோற்றைப் பிசைகிற கைகூட அலுத்துப்போய்த்தான் இருந்தது.

வீட்டில் அழக்கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். செத்தவனுக்குத்தான் அழுவார்கள். காணாமல் போனவனுக்கு அழுதால், அவன் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டாலே, "சும்மா இரும். அவன் வருவான்" என்பார். பெரியம்மா எழுந்து வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பில் வெங்காயம் கொஞ்சம் கூடத்தான்.

அப்படியிருக்கையில், கலியாணமொன்றுக்காக லண்டனிலிருந்து வந்த ஒருவர் வீடியோ கசெட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அங்கே எங்கள் ஆட்கள் சேர்ந்து மேடையேற்றிய நாடகத்தைப் படம்பிடித்திருந்தார்கள். மிகப் பழைய கிரேக்க நாட்டுக் கதையாம். அதில் சின்னண்ணாவும் நடிக்கிறார். பெரியம்மாவுக்குக் கதை எதுவானாலும் சரி, பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியப்பா வீடியோக் கடையில் கசெட் போடுகிற டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து ரீவியோடு பொருத்தினார்.

முதலில் ராசா வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார்.

"இதென்ன ராசா? முடியுமில்லை, வாளுமில்லை. பாங்க் மனேச்சர் மாதிரி நிக்கிறான்" என்றார் பெரியப்பா.

"இப்ப நவீனமா இப்பிடித்தானாம் போடுறவை, அத்தான்" என்றார் அம்மா.

கதை எனக்கு நன்றாகவே விளங்கியது. ஒரு தாய், தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்ப மனமில்லாமல் அறைக்குள் ஒளித்து வைக்கிறாள். அவனோ கூட்டாளியைக் காப்பாற்றவென்று யன்னலால் குதித்துப் போய்விடுகிறான். அது தெரியாமல் அவள் வெறும் அறையின் கதவுக்கு முன்னால் காவல் இருக்கிறாள். ராசாவின் ஆட்கள் வந்தால் சண்டை பிடிக்கிறாள். "உள்ளுக்கு ஆளில்லையணை!" என்று நான் ரீவியைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அவ்வளவு சுவாரசியம்.

அந்த மகன்தான் சின்னண்ணா.

"ஐயோ, மெலிஞ்சு போனான். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்றார் பெரியம்மா.

"லைற் வெளிச்சத்துக்கு அப்பிடித் தெரியுதக்கா."

"என்ன லைற்? உவன் சமைச்சுச் சாப்பிடுறேல்லை."

கடைசியில் மகனைப் பலகையில் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடித் தூக்கி வந்தார்கள். தாய் முகத்துணியை விலக்கினாள். கமராவும் அந்த முகத்துக்குக் கிட்டப் போனது. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கையில் சின்னண்ணா அப்படியே பெரியண்ணாவைப் போல இருந்தார். நாடகத்துத் தாய் தலையிலடித்துக் கதறினாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ" என்றார் பெரியம்மா.

"எது? அவன் கதைக்கிற இடமோ?"

"இல்லை. கொண்டுவந்து கிடத்திற இடம்."

பெரியப்பா டெக்கின் பொத்தானை அழுத்தினார். படம் பின்னுக்கு ஓடியது. தூக்கி வந்தவர்கள் பின்பக்கமாகவே நடந்து சின்னண்ணாவை வெளியே கொண்டுபோனார்கள். நான் சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினார்.

இரண்டாந்தரம் துணி விலகியதும் பெரியம்மா நாடகத்துத் தாயோடு சேர்ந்து அழத் தொடங்கினார். மெல்ல அல்ல. நெஞ்சிலடித்து, "என்ர ராசா, என்ர ராசா" என்று வீடு அதிர அழுதார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். இப்போது "சும்மா இரும்" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். கூட்டக் கூடிய மட்டும் கூட்டினார். யார் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியாதபடி ஆயிற்று.

மேல்வீட்டுச் சிங்கள ஐயா, நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுகிறவர், படியால் இறங்கிவந்து, என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். நாடகம் என்று பெரியப்பாவும் சிங்களத்திலேயே சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, அவருடைய குரலும் உடைந்துவிட்டது. மாத்தயா எங்கள் வாசற்கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படியேறிப் போனார்.

சின்னண்ணா எவ்வளவு பெரிய நடிகர் என்று எனக்கு ஒரே பெருமை.

கசெட் முடிந்து திரை இரைந்துகொண்டிருந்தது. பெரியம்மா எழுந்து போய், குழாயைத் திறந்து உடுத்த சீலையோடு தலையில் தண்ணீர் வார்த்தார். அவர் வந்த பிறகு பெரியப்பா போனார். பிறகு அம்மா. கடைசியில் என்னையும் கூப்பிட்டார்.

"காலமைதானேயம்மா முழுகினனான்!"

"வாயை மூடிக்கொண்டு வா."

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் அப்படி முழுகுவது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நாங்கள் ஓரிடமும் போகவில்லையே. குளிர்ந்த தண்ணீருக்குக் கீழே நடுங்கிக்கொண்டு நின்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில், கிரேக்க நாட்டு நாடகம் பார்த்தவர்கள் முழுக வேண்டும்போல என்று முடிவு செய்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிமாருக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.