மூன்று கிலோ பொய்

தாம்பரத்தில் என் பிரஷர் பொதுச்சொத்து. டயாலிசிஸ் அறையில் எட்டுக் கட்டில்கள். டெக்னீஷியன் செல்வி மிஷினில் தெரியும் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள், அத்தனை பேரும் கேட்பார்கள். "ஆன்ட்டிக்கு நூத்தித் தொண்ணூறு" என்றதும் எதிர்க்கட்டில்காரர் தலையைத் தூக்குவார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். "எங்களுக்கெல்லாம் எறங்குது, உங்களுக்கு மட்டும் இன்னா ஏறுது? கோவக்காரங்களா நீங்க?" என்று முதல் நாளே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதனாலேயே பதில் சொல்லவில்லை. நார்வேயில் நான் இருபத்தாறு வருடமாக வாழும் பேர்கன் நகரில், நர்ஸ் இங்ரிட் என் காதருகே குனிந்துதான் எண்ணைச் சொல்வாள். அங்கே மூன்று வருடமாகப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சேலையூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு மூன்று வாரம் என்றுதான் வந்தேன். அடுத்த மாதம் என் மகள் ஜெனிக்கு ஓஸ்லோவில் பிரசவம். அவள் அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. பிரசவ அறையில் அவள் கையைப் பிடிக்க நான்தான் இருக்கவேண்டும், வேறு யாரும் இல்லை. ஆனால் இங்கே டாக்டர் கையை விரித்துவிட்டார். டயாலிசிஸில் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் இறங்கும். என்னைப்போல் சிலருக்குத்தான் ஏறும். மூன்றாவது மணி நேரத்தில் பின்மண்டை தெறிக்கத் தொடங்கும். பேர்கனில் நூற்றெண்பதோடு நின்றது இங்கே இருநூற்றுப் பத்தைத் தொட்டது. "இப்படி ஏறினா ஃப்ளைட்டுக்கு நான் லெட்டர் தர முடியாதும்மா. நடுவானத்துல பக்கவாதம் வந்தா யாரு பாப்பாங்க?" என்றார். லெட்டர் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடிக்கு ஏறுவேன், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்களைப் பார்ப்பேன், எரிச்சலோடு இறங்குவேன். அண்ணிக்கோ என்னைப் பார்க்கப் பார்க்கத் திருப்தி. "நார்வே தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சு. மூஞ்சி பூசினாப்ல இருக்கு பாரு" என்று தெருவிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்திருந்தது. அங்கே யார் என் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லப்போகிறார்கள்?

இரண்டாவது வாரம் வெயில் தாங்காமல், அண்ணன் வீட்டு பீரோவில் பல வருடமாகக் கிடந்த என் பழைய புடவையையும் ஜாக்கெட்டையும் உடுத்திக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனேன். ஊசி குத்த வந்த செல்வி ஜாக்கெட் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. உள்ளே நாலு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது யாரு ஜாக்கெட் ஆன்ட்டி?"

"என்னோடதுதான்."

"இவ்ளோ லூசா கீது. மூஞ்சி மட்டும் ஊதிக்கினு கீது. தண்ணி எடுத்து முடிச்சா வெயிட் எவ்ளோல நிக்கணும்னு அங்க வச்சிருக்காங்க?"

"அறுபத்தி ரெண்டு. மூணு வருஷமா அதேதான்."

செல்வியின் அம்மா கோவளத்தில் மீன் விற்கிறவர். செல்வி அந்தக் கணக்கிலேயே சொன்னாள். "ஐஸ் தண்ணில ஊறின மீனு அப்படித்தான் ஆன்ட்டி. தராசுல எடை நிக்கும், அறுத்தா சதை இருக்காது. உங்க சதை போய்க்கினே இருந்திருக்கு, அந்த எடத்துல தண்ணி குந்திக்கினு கீது. அதான் பிரஷர் ஏறுது. ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேனே" என்றேன், சட்டென்று. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

பேர்கனில் வாரத்துக்கு மூன்று முறை இங்ரிட் இதே கேள்வியைக் கேட்பாள். இந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டாயா? "யா, ஆல்ட் ப்ரா" என்பேன், ஆமாம், எல்லாம் நலம். அவள் அதை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவாள். நம் ஊரில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்பதுதான் பதில். பட்டினி கிடந்தாலும் ஆச்சுதான். இங்ரிட் கேட்டது மருத்துவக் கேள்வி. நான் சொன்னது மரியாதை. உண்மை என்னவென்றால், அவர் போனபிறகு ஒருத்திக்காக உலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஒரு ரொட்டித் துண்டு, ராத்திரி ஒரு கப் தயிர். சதை கரைந்ததைத் தடித்த ஸ்வெட்டர் மறைத்தது, தண்ணீர் சேர்ந்ததைத் தராசு மறைத்தது. பிரஷர் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் ஏறி நின்று கத்தியிருக்கிறது. நான்தான் காது கொடுக்கவில்லை.

செல்வி டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், மாத்திரையை மாற்றினார். நிற்கவேண்டிய எடையைத் தடவைக்கு அரைக்கிலோவாகக் குறைத்தார்கள். கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. எதிர்க்கட்டில்காரர், "பல்லக் கடிச்சிக்கோங்க, பேத்தியோ பேரனோ வெயிட் பண்ணுது" என்றார். இந்தமுறை அவர்மேல் கோபம் வரவில்லை. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஆறாவது தடவை ஐம்பத்தொன்பதில் நின்றேன். நாலாவது மணி நேர முடிவில், "ஆன்ட்டிக்கு நூத்தி நாப்பத்தெட்டு" என்று செல்வி கத்தினாள். எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது. லெட்டர் கிடைத்தது.

நாளைக்கு விமானம். இந்த எடையும் நிலைக்காது, சாப்பிட்டால் சதை ஏறும், சாப்பிடாவிட்டால் மறுபடி தண்ணீர்தான், அங்கே உண்மையைச் சொல்லுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். பெட்டியை மூடிவிட்டு, இங்ரிட்டிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன். நை, யாய் ஹார் இக்கே ஸ்பிஸ்ட். இல்லை, நான் சாப்பிடவில்லை. நாலைந்து தடவை சொன்னதும் நாக்குக்குப் பழகிவிட்டது.

அண்ணி வாசலில் வந்து நின்றார். "சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு அண்ணி."

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணி உள்ளே போய், மூன்று இட்லி வைத்த தட்டைக் கொண்டுவந்து பெட்டியின்மேல் வைத்தார். நான் சாப்பிடும்வரை அங்கேயே நின்றார். இங்கே நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே நம்பிவிடுவார்கள்.