தப்புதாங்க

ஆம்பூர் பக்கத்தில் ‘தப்புதாங்க’ என்று ஒருவர் சொன்னால் அவர் தப்பு செய்தார் என்று அர்த்தமில்லை. பேச்சை வளர்க்காதீர்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் மிதிபட்டவரே சொல்வார். சட்டக் கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கறுப்புக் கோட்டு போட்டு ஆம்பூர் கோர்ட்டுக்கு வந்த பிறகு ஒரு கட்சிக்காரப் பெண்ணிடம் தெரிந்துகொண்டேன்.

அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். கணவனோடு ஒத்துவராமல் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளின் புத்தகப் பையை எடுக்க ஆம்பூரில் மாமியார் வீட்டுக்குப் போனபோது தகராறு. பையை இவள் ஒரு பக்கம் இழுக்க, மாமியார் மறுபக்கம் இழுக்க, வார் அறுந்து மாமியார் கீழே விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருமகள் அடித்தாள் என்று போலீசில் புகார் போனது. கையோடு கணவனும் மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டான்.

ஸ்டேஷனில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். தப்புதாங்க என்று சொன்னாளாம், அப்போதுதான் வீட்டுக்கு விடுவார்களாம். தலையில் கை வைத்துக்கொண்டேன். நல்லவேளை, போலீசிடம் ஒப்புக்கொண்டதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. நீதிபதியிடம் சொன்னால் முடியும்.

அண்ணன் நல்ல மனிதர், ஆனால் எல்லாம் தெரிந்தவர்.

“ஒத்துக்கினா ஃபைனோட ஒரே நாள்ல முடிஞ்சிடும் மேடம். இன்னாத்துக்கு பேஜாரு?” என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒத்துக்கொண்டால் இங்கே முடியும், வேலூரில் ஆரம்பிக்கும் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தீர்ப்பின் நகலோடு நேராக அங்கே போய், கை நீட்டுகிற அம்மாவிடம் குழந்தை எப்படி வளரும் என்று கேட்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். குழந்தை யாரிடம் நன்றாக இருக்கும் என்பதுதான் அந்த நீதிமன்றத்துக்கு முக்கியம், யார் பாவம் என்பதல்ல. அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நானே நீதிபதியானேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?

“தப்புதாங்க.”

திட்டினேன். இல்லைங்க என்று சொல்லு என்றேன். மறுபடி கேட்டேன். “தப்புதாங்க மேடம், இல்லைங்க” என்றாள். சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. உன் பெண்ணை நீயே பிடித்துக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். அவள் கண் கலங்கியது. கலங்கட்டும் என்றுதான் இருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி குற்றச்சாட்டை வாசித்து, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். கூண்டில் நிற்பவருக்கு வக்கீல் எடுத்துக் கொடுக்க முடியாது. அவள் கை கும்பிடத் தயாராகக் குவிந்தது. “தப்பு...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். கையைக் கீழே இறக்கினாள்.

“இல்லைங்க. எம்பொண்ணு எனக்கு வேணுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ‘இல்லைங்க’ மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, குற்றத்தை மறுக்கிறார் என்று பதியச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன். குறுக்கு விசாரணையில் மாமியார் வாயாலேயே பை வார் அறுந்த கதை வந்தது, வழக்கிலிருந்து அவள் விடுதலையானாள். வேலூரிலும் எதிர்த்தரப்பு கையில் ஒன்றுமில்லை. மகள் அம்மாவிடமே இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்து பார்க்கலாம் என்று உத்தரவானது.

அன்று வேலூர் கோர்ட் படியில் மகளின் கையைப் பிடித்தபடி அவள் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே வந்த நான் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டேன். திரும்பினாள். பழக்கத்தில் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

“மிதிச்சது நீங்க மேடம்” என்றாள்.