கூடு கட்டாத எலிகள்

பதினெட்டு வருஷமாக ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவள் எலியக்கா. நாலு பெண்களில் கடைசி. மூத்தவர்கள் மூன்று பேரும் கட்டிக்கொண்டு போன பிறகு வீட்டில் அப்பாவோடு மிஞ்சியது அவளும் ஒரே அண்ணனும்தான். அந்த அண்ணனைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட, "வேலை தேடிப் போனான், திரும்பி வரல" என்று சொன்னதோடு சரி.

காலை ஆறு மணிக்குள் அங்கியும் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கூண்டு கழுவுகிறவர் வாசலிலேயே வம்புக்கு இழுப்பார்.

"என்ன எலியக்கா, பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?"

"உன்னைவிடச் சுத்தமா இருக்குதுங்க. நீ முதல்ல போய்க் குளிச்சிட்டு வா."

அந்த வருஷம் டாக்டரம்மா இருபத்துநாலு புது எலிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கூண்டுக்கு ஒன்று.

"மனச்சிதைவு வந்த சில பேருக்கு ஒரு மரபணு உடைஞ்சிருக்கு, எலியக்கா. இதுல பாதி எலிங்களுக்கு அதையே உடைச்சிருக்கோம். காதுல குரல் கேக்குதான்னு எலிகிட்டக் கேக்க முடியாது. தன்னைத் தானே பாத்துக்குதா, கூடு கட்டுதான்னு பாக்கலாம். எது உடைஞ்சது, எது உடையாததுன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. நம்பர் மட்டும்தான்."

மாலையில் கூண்டுக்கு ஒரு பஞ்சுச் சதுரம் போட வேண்டும். மறுநாள் ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்து மதிப்பெண் போடுவாள். பஞ்சைப் பிய்த்துக் கிண்ணம்போலக் கட்டியிருந்தால் ஐந்து. தொடாமல் கிடந்தால் ஒன்று.

முதல் நாள் காலை எலியக்கா உள்ளே போனபோது பதினைந்து கூண்டில் அழகான கிண்ணங்கள், நடுவே சுருண்டு தூங்கும் எலிகள். மற்ற ஒன்பதில் பஞ்சு போட்டது போட்டபடி கிடந்தது. ஏழாம் கூண்டில் எலி மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தது. அண்ணன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு அப்போது இருபது வயது, அவளுக்குப் பதிமூன்று. மெத்தையை விட்டுவிட்டு வெறுந்தரையில் சுவரோரமாகக் குந்தி, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் எழுந்திருப்பதற்குள் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்து, தூங்கின மாதிரி விரிப்பைக் கசக்கிப் போர்த்திவிடுவாள். அவனும் சொன்னபடி கேட்பான். அப்பா எட்டிப் பார்த்து, "தூங்குமூஞ்சி" என்றுவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கைதானே இது? மூடியைத் திறந்தது, பஞ்சைப் பிய்த்தது, கிண்ணம் பண்ணியது, எலியைத் தூக்கி நடுவில் வைத்தது. எலி மறுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் ஒன்பது கூண்டு. மூன்று வாரம், பஞ்சு போட்ட ஒவ்வொரு நாளும் அதே ஒன்பது.

அதற்குப் பிறகு அந்த அறை பழைய அறையாக இல்லை. காற்று இயந்திரத்தின் இரைச்சலுக்குள் யாரோ முணுமுணுப்பது கேட்டது. தரையைத் துடைக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் குந்தியிருப்பது தெரியும், திரும்பினால் வெறும் சுவர். ஒருநாள் தன்னை மறந்து, "இருண்ணே, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயைக் கையுறையோடு பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டதோ?

ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மா வாடிய முகத்தோடு வந்தாள்.

"கணக்குப் பாத்தாச்சு, எலியக்கா. எல்லாமே ஒண்ணு போலத்தான் கூடு கட்டுது. மரபணு உடைஞ்சும் இதுங்களுக்கு ஒண்ணுமில்ல. மூணு வருஷ வேலை. நாளையோட மூடிடறோம்."

மூடுவது என்றால் இருபத்துநாலையும் மயக்கிக் கொன்றுவிடுவார்கள். அது அவளுக்குப் பழகிய சங்கதி. குத்தியது 'ஒண்ணுமில்ல' என்ற சொல்தான். பக்கத்து வீட்டுக்காரர், பையனை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னபோது அப்பாவும் அதையேதான் சொன்னார்: "நான்தான் தினம் பாக்கறேனே, ஒழுங்காப் படுத்துத் தூங்கறான். அவனுக்கு ஒண்ணுமில்ல." இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணன் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான். போனவன் போனவன்தான்.

"டாக்டரம்மா, அந்தக் கூடுங்க எலி கட்டினது இல்ல. நான் கட்டினது."

"என்ன சொல்றீங்க?"

"ஒம்பது கூண்டு. என்னை வேலைய விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. அதுங்களுக்கு ஒண்ணுமில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாவம் பாக்கறேன்னு என் கண்ணைக் கட்டிட்டீங்களே! ஏன் பண்ணீங்க?"

நாற்பது வருஷமாக மனசில் பூட்டியிருந்ததை எலியக்கா நின்ற நிலையிலேயே சொன்னாள். டாக்டரம்மா ஆறுதல் சொல்லவில்லை. மதிப்பெண் ஏட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினாள்.

"மூடறத நிறுத்தி வைக்கறேன். இன்னைக்கு மறுபடி பஞ்சு போடுவோம். காலையில ஆறு மணிக்கு நானும் வரேன். நீங்க பாத்துச் சொல்லணும், நான் எழுதுவேன். கை படக்கூடாது."

மறுநாள் எலியக்கா இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு கூண்டு கூண்டாக நடந்தாள். ஐந்து. நான்கு. ஐந்து. ஏழாம் கூண்டில் எலி சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தது, உடம்பு லேசாக நடுங்கியது. பஞ்சில் ஒரு பல் குறிகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் அவன் நிற்பது தெரிந்தது. கோத்த விரல்கள் வலிக்க வலிக்க இறுகின.

"எத்தனை?" என்றாள் டாக்டரம்மா.

அவள் கண் அந்த எலியை விட்டு நகரவில்லை.

"எலியக்கா, எத்தனை?"

"ஒண்ணு" என்றாள். "எழுதிக்கங்க. இது கட்டல."