வெண்டலின் பத்து நிமிடம்

ராமையாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு கிழவரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தான். 2005-ஆம் வருடம். வளைகுடாவில், சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வேலை. நான் அங்கே டாக்குமென்ட் கன்ட்ரோலர். எந்த வெல்டர் எந்த ஜாயிண்டைப் பற்றவைத்தான் என்கிற காகிதமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ராமையா திருவாடானைப் பக்கம், வெல்டர் எண் முப்பத்தேழு. அவனுடைய ஜாயிண்ட் ஒன்றை இன்ஸ்பெக்டர் ஃபெயில் செய்துவிட்டார் என்று என் அறைக்கு வந்து குதித்தான். நான் எக்ஸ்ரே படத்தை எடுத்துக் காட்டினேன். அதில் பொட்டு மாதிரி ஒரு காற்றுக்குமிழ். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இதைப் பார்த்த கண் நல்ல கண்தான் என்று ஒப்புக்கொண்டு போய்விட்டான். அவன் கோபம் அவ்வளவுதான். என் கோபம் அப்படி இல்லை, வருடக்கணக்கில் இருக்கும்.

திட்டு வாங்கிய அந்த இன்ஸ்பெக்டர் பெயர் வெண்டல். அமெரிக்கர், அறுபத்தைந்து வயது, எந்நேரமும் ஒரு வைக்கோல் தொப்பி. தனியாக ஒரு கேபினில் இருந்தார். அங்கே அவரிடம் நான்கு கால் மேசை மாதிரி ஒரு வாத்தியம் இருந்தது. மேலே பத்துத் தந்தி, கீழே மூன்று பெடல். நம் கோட்டுவாத்தியக்காரர் கட்டையை உருட்டுவதுபோல இடது கையில் ஓர் இரும்பு உருளையைத் தந்திமேல் வைத்து நகர்த்துவார். காலால் பெடலை மிதித்தால் அடியில் உள்ள கம்பி தந்தியை இழுக்கும். சுரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். யாரோ அழத் தொடங்கி அடக்கிக்கொள்வதுபோல இருக்கும். பெடல் ஸ்டீல் கிடார் என்று பெயர் சொன்னார். அதன் இழுகம்பி ஒடிந்துபோனபோது ராமையாதான் பற்றவைத்துக் கொடுத்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கேபினில்தான் கிடந்தோம். அவர் பேச்சை நான் ராமையாவுக்குத் தமிழில் சொல்வேன்.

வாலிபத்தில் அவர் கலிஃபோர்னியாவில் இருந்தவர். நாட்டுப்புறப் பாட்டை ராக் தாளத்தில் போட்டுப் பாடும் குழுக்கள் அப்போதுதான் புதிதாகக் கிளம்பியிருந்தன. நீள முடிப் பையன்கள் பாடுவார்கள். இந்த அழுகைச் சத்தம் தேவைப்படும்போது மட்டும் ஸ்டீல்காரரை நாள்கூலிக்குக் கூப்பிடுவார்கள். ஒரு பழைய ரெக்கார்டின் அட்டையைக் காட்டினார். வேலி ஓரம் நான்கு பையன்கள் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அது தன் முழங்கை என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், அவர் பெயர் எங்கேயும் இல்லை. எல்மர், டோபி, ஹார்லன் என்று தன்னைப் போல இன்னும் மூன்று ஸ்டீல்காரர்களைச் சொன்னார். ஒருவர் பஸ் ஓட்டப் போனார், ஒருவர் ஆற்றோடு போனார், ஒருவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை.

ராமையாவால் இதைத் தாங்க முடியவில்லை. வெல்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜாயிண்ட் முடிந்ததும் பக்கத்தில் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டித் தன் எண்ணைப் பதித்துவிட வேண்டும். குழாய் மண்ணுக்குள் போனாலும் எண் இருக்கும். "நான் வச்ச ஒவ்வொரு ஜாயிண்டுலயும் முப்பத்தேழு இருக்கு சார். இவரு வாசிச்சதுல இவரு நம்பர் இல்லையா?" என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். வெண்டல் சிரித்தார்.

மறு வருடம் ஆயுத பூஜை ரம்ஜான் நோன்பு மாதத்தில் வந்தது. டியூட்டி இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. கருவிகள் வைக்கும் கன்டெய்னரைக் கழுவி, கிரைண்டர், வெல்டிங் மெஷின், பைப் ரெஞ்ச், எழுத்தும் எண்ணும் பதிக்கும் அச்சுப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பொரி படைத்தோம். தொழிலாளர்கள் தங்கும் காம்பில் பூசாரி உத்தியோகமும் எனக்குத்தான். நடுவில் வெண்டலின் ஸ்டீல் கிடார் இருந்தது. இழுகம்பி மறுபடி ஒடிந்து ரிப்பேருக்கு வந்து, முந்தின நாள்தான் சரியாகியிருந்தது. வீணைக்கு வீணை, ஆயுதத்துக்கு ஆயுதம் என்று நான்தான் அதை நடுவில் வைக்கச் சொன்னேன்.

மூன்று மணிக்கு வெண்டல் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், பொரியை வாங்கித் தின்றார். காலையிலிருந்து ஒரு பாட்டு மனத்துக்குள் சுற்றுகிறது, பத்து நிமிடம் வாசித்துவிட்டுப் போகிறேன் என்றார். ராமையா என்னைப் பார்த்தான். இங்கே என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். "வாசிச்சுட்டுப் போகட்டுமே சார்" என்று அவன் மெதுவாகச் சொன்னான். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும், முறை என்றால் முறை என்று நான் கறாராகச் சொன்னேன். இங்கிலீஷிலும் நானே சொன்னேன். வெண்டல் தலையாட்டினார், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் கட்டிலிலேயே இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். உடல் ஊருக்குப் போயிற்று. அவர் மகனிடமிருந்து இமெயில் வந்தது: அப்பா வாசிப்பார் என்பதே எனக்குத் தெரியாது, அந்த வாத்தியத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதை யாரும் வாங்கவில்லை. கன்டெய்னரிலேயே கிடந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது சத்தம் போட்டது. காம்பே தூங்கிக்கொண்டிருந்த வேளை. பூட்டிய கன்டெய்னருக்குள் ஒரு சுரம் கீழிருந்து கிளம்பி வழுக்கி மேலே ஏறி நின்றது. வெயிலில் தகரம் விரிகிறது, தந்தி இழுபடுகிறது என்று நான் காரணம் சொன்னேன். அடுத்த வெள்ளியும் மூன்று மணி. டிசம்பரில் வெயில் இல்லாமல் மேகம் போட்டிருந்த வெள்ளியன்றும் அதே மூன்று மணி. நான் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு பயமாக இருந்தது. பையன்கள் கருவி எடுக்கத் தனியாகப் போக மறுத்தார்கள்.

பூஜையன்று அவரை வேண்டாம் என்றது யார் என்று காம்பில் பேச்சு வந்தபோது, "நான்தான் வேணாம்னேன்" என்று ராமையா சொன்னான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவனும் என் பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்து அவன் கை நடுங்கத் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு ஜாயிண்ட் ஃபெயில் ஆவதே அபூர்வமாக இருந்தவனுக்கு மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று ஃபெயில் ஆனது. அந்தக் காகிதங்களும் என் மேசைக்குத்தான் வந்தன. இன்னும் இரண்டு ஆனால் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிடுவேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டான். ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அரை நாள் லீவு வாங்கினோம். எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்தேன். ஸ்டீலுக்கு மட்டும் வைக்க ராமையா விடவில்லை. அதைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்து, அதன் முன்னால் வெல்டிங் குச்சி வரும் எலக்ட்ரோட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வெண்டல் உட்காரப் போட்டுக்கொள்ளும் துணியை மேலே விரித்தான். உருளையைத் தந்திமேல் வைத்தான். "முறை கிறைன்னு இன்னிக்கு எதும் சொல்லாதீங்க சார். அவரு வரட்டும்" என்றான்.

மூன்று மணிக்கு இடது ஓரப் பெடல் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடவில்லை. துணியின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. உருளை தந்திமேல் நகர்ந்தது. முதலில் அந்த ஒரே சுரம். பிறகு அதைத் தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று என்று ஒரு முழுப் பாட்டு. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாததால் மெல்லிய சத்தம்தான், ஆனால் கன்டெய்னரின் தரை முழுவதும் அதிர்ந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. ராமையா கை கூப்பியபடி நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பெடல் மேலே ஏறியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. கேட்டது பத்து நிமிடம், எடுத்துக்கொண்டதும் பத்து நிமிடம்.

"அவரு பேரை இங்கிலீஷ்ல எழுதித் தாங்க சார்" என்றான் ராமையா. எழுதிக் கொடுத்தேன். அவன் பூஜை வரிசையிலிருந்து அச்சுப் பெட்டியை எடுத்தான். சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. சுத்தியலுக்குக் கை நீட்டுவதற்குள் நானே அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கே எடுத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். ஸ்டீலின் முன்பக்கத்து அலுமினியப் பட்டையில் அவன் ஓர் எழுத்தாகப் பதித்தான். கை நடுங்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பத்துத் தந்தியும் முனகின. பெயரின் ஏழாவது, கடைசி எழுத்துக்கு ஒரு தந்திகூட முனகவில்லை. அதன் கீழே எல்மர், டோபி, ஹார்லன் மூவரையும் பதித்தான்.

அதற்குப் பிறகு அது சத்தம் போட்டதே இல்லை. அந்த வேலை முடியும்வரை ராமையாவின் ஜாயிண்ட் ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை. வெண்டலை வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதை அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் நானே எழுதி, கீழே என் பெயரையும் போடுகிறேன்: ரகுநாதன்.