கேட்டது பட்டை, வந்தது பேண்டு

போன வாரம் ஒரு கிடார்காரர் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எனக்காகவே பாட்டு வாசித்தார். நான் பாட்டைக் கேட்கவில்லை. கிடாரின் ஓரத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். பாவம், என்ன நினைத்தாரோ...

என் மரவேலைப் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருபவள் தோணிரேவு கிராமத்து மேரி. அவள் மகள் ஜென்சிக்குக் கல்யாணம்; மாப்பிள்ளைக்கு ஊர் பசியாவரம். நகைப்பெட்டி செய்து தருகிறேன் என்று வாய்விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செல்போனில் ஒரு படத்தையும் காட்டித் தொலைத்தேன் – மூடியைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக மரத்திலேயே பார்டர்.

"இதே மாதிரி வேணும் பெரிம்மா" என்றாள் ஜென்சி.

தேக்கில் பெட்டி தயார். பார்டர்? அதற்குப் பெயர் இன்லே பேண்டிங். பல நிற மரத்துண்டுகளை ஒட்டி, நாடா போல மெல்லிசாகச் சீவிய பட்டை. மூடியில் பள்ளம் எடுத்துப் பதிக்க வேண்டும்.

சென்னையில் பிளைவுட் கடையில் கேட்டேன். பிளாஸ்டிக் ரோலை நீட்டினார்கள். அடுத்த கடையில் பித்தளைப் பட்டை. இன்னொன்றில், "ஸ்டிக்கர் ஒட்டிடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது?" எனக்குத் தெரியுமே! ஆன்லைனில் இருந்தது. ஆனால், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் ஜென்சிக்கு வளைகாப்பே முடிந்துவிடும்.

திரும்பும் வழியில், பஸ் இரைச்சலில், மேரியின் போன்.

"பொட்டி இன்னாச்சுக்கா?"

"எல்லாம் ரெடி மேரி. பேண்டிங்தான் கிடைக்கல. அது இல்லாம நல்லா இருக்காது."

"அய்ய... இதுக்கா கவலப்பட்ற? நான் பாத்துக்கறேன்" – வைத்துவிட்டாள்.

மறுநாள் வாசலில் டேனியல், தோளில் கிடாருடன். மேரியின் பக்கத்து வீட்டுக்காரர், சர்ச்சில் வாசிப்பவர்.

"மேரியக்கா அனுப்புனாங்க. கல்யாணத்துக்கு நீங்க பேண்டு தேடிக்கினு கீறீங்களாமே? ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டட்டா?"

தோளில் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உட்காரச் சொன்னேன். வாசித்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது... கிடாரின் ஓரம் முழுக்க, கறுப்பு வெள்ளையில், அதே பட்டை.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் முகம் வாடியது. "நல்லா இல்லியாக்கா?"

"பாட்டு இருக்கட்டும். இந்த ஓரம் மரமா, பிளாஸ்டிக்கா?"

"மரந்தான்க்கா. பழசு பேந்துபோச்சுனு மெட்ராஸ்ல ரிப்பேர் கடையில புச்சா ஒட்டிக் குட்த்தாங்க."

அடுத்த நாள் காலை ரயிலைப் பிடித்தேன். கிடார் ரிப்பேர் கடை அலமாரியில் அந்தப் பட்டைகளை ஊதுபத்திக் கட்டுபோல அடுக்கி வைத்திருந்தார்கள், விதவிதமாக. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன்.

சரியான பெயரைச் சொல்லி, சரியான கடைகளில் கேட்டுக் கிடைக்காதது, மேரி தப்பாகக் காதில் வாங்கியதால் கிடைத்தது. சில சமயம் பஸ் இரைச்சலும் உதவும் போல.

கல்யாணத்தன்று ஜென்சி மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "படத்துல இருந்தத விட நல்லா கீது பெரிம்மா."

அதற்குள் மேரி என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் டேனியல் குழு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

"பொட்டி கெடக்கட்டும்க்கா. நான் புட்ச்சுக் குட்த்த பேண்டு எப்டி?"

"பிரமாதம் மேரி" என்றேன் – இரண்டு பேண்டுக்கும் சேர்த்து.